ஜீப் நிற்கிற நாள் வரைக்கும்

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். முதலில் நீங்கள் விவசாயிகளோடு போடுகிற ஒப்பந்தம் ஒன்றை அனுப்புங்கள் என்றேன். வந்தது. முப்பது பக்கம், படித்து முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. இன்னொன்று போட்டு வாங்கினேன், அதுவும் ஆறியது. நான் குறை சொல்லவில்லை. மரம் நிற்கிறதா விழுந்ததா என்று வானத்திலிருந்தே படம் எடுத்துப் பார்க்கிற காலம். ஷரத்துகள் அவ்வளவு இருக்கத்தான் செய்யும். நாங்கள் முதன்முதலில் போட்ட ஒப்பந்தம் ஒரே ஒரு தாள். அந்தத் தாளில் கடைசிக் கையெழுத்து ஒன்றை வாங்க நாங்கள் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

எழுபதுகளின் கடைசி. நான் ஆயக்குடிக்காரன், கொய்யாத் தோப்பு வெயிலில் வளர்ந்தவன். மலைக்குளிர் எனக்கு ஆகாது. ஆனால் வேலை மலையில்தான் கிடைத்தது. கீழே கொய்யா போடுகிறவர்களும் மேலே பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர்களும் சேர்ந்து நடத்திய கூட்டுறவுச் சங்கம் அது. யோசனை எளிமையானது. மலையில் சோலை இருந்தால் ஓடையில் தண்ணீர் இருக்கும், ஓடையில் தண்ணீர் இருந்தால் தோப்பில் கொய்யா காய்க்கும். ஆகவே மரத்தை வெட்டாமல் விடுகிற மலைக்காரருக்குக் கொய்யாக்காரர் ஏதாவது செய்ய வேண்டும். அந்த 'ஏதாவது' ஒரு பழைய ஜீப்பும் அதன் பின்னால் கட்டிய டிரெய்லரும்.

ஒப்பந்தம் இவ்வளவுதான். ஊற்றுக்கண்ணைச் சுற்றியுள்ள சோலையை ஊர் வெட்டக்கூடாது. ஓடையின் இரண்டு கரையிலும் புல்லும் புதரும் இருக்கிறபடி விட வேண்டும். பதிலுக்குச் சங்கத்து ஜீப் வாரம் இருமுறை ஊருக்கு வந்து காய்கறி மூட்டைகளைச் சந்தைக்கு ஏற்றிப் போகும். பிரசவம், காய்ச்சல் என்றால் எந்த நாளும் வரும். ஊரில் ஒருவர் மீறினாலும் எல்லோருக்கும் ஜீப் நின்றுவிடும். ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் ஒப்பந்தமே கிடையாது.

சங்கத்தின் செயலாளர் ஒரு அம்மா. கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளி விடுதியில் நெடுங்காலம் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் எங்களுக்குத் தெரியும், ஆனால் யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் வார்டனம்மாதான். கனத்த சரீரம், தடித்த கண்ணாடி. ஏற்றம் என்றால் ஆகவே ஆகாது. கர்த்தர் மலையைப் படைத்தது பார்க்கத்தான், ஏற அல்ல என்பார். அவரை ஏன் செயலாளர் ஆக்கினார்கள் என்றால், மலைக்காரரும் கொய்யாக்காரரும் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. இரண்டு பக்கமும் ஒருங்கே பயந்த ஒரே ஆள் அவர்தான்.

நாங்கள் தேர்ந்தெடுத்த ஊர் வடகவுஞ்சிக்கு மேலே இருந்தது. பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் படிப்பார்கள். ஊரில் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர. அவர் பெயர் பொன்னையா. ஊற்றுக்கண் சோலை முழுக்க அவருடைய பட்டா நிலத்தில் நின்றது. அதைக் கீழேயிருந்து வந்த ஒரு மரக்காரருக்கு விற்பதாக வெற்றிலை பாக்கு மாற்றி வாக்குக் கொடுத்திருந்தார். அந்தக் காசில் இரண்டு மட்டக்குதிரை வாங்கி மூட்டை இறக்குவது அவர் திட்டம். ஜீப்தான் வரப்போகிறதே, குதிரை எதற்கு என்று நான் புத்திசாலித்தனமாகக் கேட்டேன். இதற்கு முன் இதே ஊருக்குப் பஸ் விடுகிறேன், டாக்டர் அனுப்புகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்களை வரிசையாகச் சொன்னார். பிறகு, "குதிரை செத்தாத்தான் தம்பி வராது. ஜீப்பு உசிரோட இருந்துக்கிட்டே வராது" என்றார்.

வார்டனம்மாவையே நேரில் அழைத்துப் போய்ப் பேசவைப்போம் என்று ஒரு நாள் குறித்தேன். அன்று எங்கள் ஆபீஸ் காலண்டரில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. அந்த ஊர்க் காலண்டர் பூசாரியின் தலைக்குள் இருந்தது. அதன்படி அன்று முத்தாலம்மன் சாட்டுக்கு, அதாவது எட்டு நாள் திருவிழாவுக்கு, காப்புக் கட்டுகிற நாள். ஒரு ஊருக்குப் போகுமுன் அங்கே அன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போங்கள். உங்கள் முப்பது பக்கத்தில் இந்த ஒன்று இல்லை.

போய்ச் சேர்ந்தபோது கோயில் முன் ஊரே கூடியிருந்தது. குளிருக்கு இதமாக எங்களுக்கு அவித்த உருளைக்கிழங்கு கொடுத்தார்கள். பூசாரி வரிசையாகக் குடும்பத்துக்கு ஒருவர் கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டே வந்தார். எங்கள் முன்னால் வந்ததும் ஒரு நொடி தயங்கினார். வார்டனம்மா அதை விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துச் சிரித்த முகத்தோடு கையை நீட்டிவிட்டார். காப்பு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தடுத்திருப்பேன். ஆனால் என் வாயில் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த கிழங்கு இருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. நான் கையைக் காலை ஆட்டினேன். குளிருகிறது போல என்று யாரோ எனக்குக் கம்பளி போர்த்திவிட்டார்கள்.

கயிறு கட்டி முடிந்ததும் பூசாரி பணிவாகச் சொன்னார்: "அம்மா, காப்பு ஏறிருச்சு. எட்டாம் நாள் அவுக்குற வரைக்கும் எல்லைக்கல்லத் தாண்டப்படாது. பச்சை மரத்துல அருவா வைக்கப்படாது. தாளிதம் கூடாது."

வார்டனம்மா என்னைப் பார்த்தார். கிழங்கு அப்போதுதான் உள்ளே இறங்கியிருந்தது. வரும் வியாழக்கிழமை கொடைக்கானலில் கமிட்டிக் கூட்டம். ஜீப் ஒன்றே ஒன்று. கீழ்ப்பக்கம் இன்னொரு ஊர் எல்லாக் கையெழுத்தையும் போட்டு வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருந்தது. எந்த ஊருக்கு என்று முடிவாவது அந்தக் கூட்டத்தில்தான். செயலாளர் நேரில் இல்லாத கூட்டம் செல்லாது என்று விதி எழுதியவரும் வார்டனம்மாதான். கூட்டம் செல்லாமல் போனால், கையெழுத்து முடிந்த ஊருக்கே ஜீப் என்று முன்பே பேசி வைத்திருந்தார்கள்; அப்புறம் சோலை மரக்காரருக்கு.

பூசாரி நல்ல மனுஷன். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, வெளியூர்க்காரர்களுக்கு விலக்கு உண்டு, ஒரு தேங்காய் உடைத்து அவிழ்த்துவிடலாம் என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. டிரைவர் அப்போதே வண்டியைத் திருப்பப் போய்விட்டார். அந்தச் சமயத்தில் கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து பொன்னையா, யாரிடமோ சொல்வது போல எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அவுத்துட்டு வெரசாப் போயிருவாக. இவுக போடுற முடிச்செல்லாம் அவுக்கத்தானே."

யாரும் சிரிக்கவில்லை. வார்டனம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். விடுதியில் அவர் அப்படிச் செய்தால் யாருக்கோ தண்டனை என்று அர்த்தமாம். இந்த முறை தண்டனை அவருக்கேதான்.

"தேங்காய் வேண்டாம், வச்சிக்கோங்க," என்றார். "எட்டு நாள் இருக்கேன். எனக்கு எங்க படுக்கை?"

தனியாக இருக்கும்போது நான் மெல்லக் கேட்டேன், சர்ச்சில் யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்று. நூல் கட்டினதால் என் விசுவாசம் அறுந்துவிடாது தம்பி, ஜீப் ஏறி ஓடினால்தான் அறும் என்றார். மறுநாள் விடியற்காலை டிரைவர், ஊர் தூங்குகிறது, ஏறுங்கள் மேடம், ஆள் முழிக்கும் முன் போய்விடலாம் என்று அவருக்கு ஒதுக்கிய பள்ளிக்கூட அறையின் கதவைத் தட்டினார். அவருக்குக் கிடைத்த வசவை எதிர்வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த பொன்னையாவும் கேட்டிருப்பார். அவர் வீடு எதிர்வீடு என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. செயலாளர் ஓடுகிறாரா என்று பார்க்கவே அவர் அந்த எட்டு நாளும் வாசலில் படுத்திருந்தார். அந்தக் குளிரில்.

பள்ளிக்கூட அறையில் வார்டனம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சும்மா இருந்து பழக்கமில்லாத மனுஷி. முதல் நாள் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கழுத்தைத் தேய்த்துக் குளித்தார்களா என்று பார்த்தார். இரண்டாம் நாள் பிள்ளைகளின் அப்பன்மாரை நிறுத்தினார். வீடு வீடாகப் போய்க் குடிதண்ணீர்ப் பானைக்கு மூடி இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்தார். வெள்ளனே எழுந்து ஜெபம் பண்ணி உரக்கப் பாடினார். அவர் குரலுக்கு ஊர்ச் சேவல்கள் முதல் நாள் போட்டி போட்டன, இரண்டாம் நாள் விட்டுக்கொடுத்துவிட்டன. மூன்றாம் நாள் பூசாரி என்னைக் கோயிலுக்குப் பின்னால் கூப்பிட்டார். "தம்பி, அம்மாவுக்குக் கொடைக்கானல்ல சோலி ஒண்ணும் கெடக்கலையா? தேங்காய் வேணும்னா நானே தாரேன்" என்றார். எனக்கு அந்த மனுஷனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கையில் காப்பு இல்லாதவன் நான். ஆகவே கொடைக்கானலுக்குப் போய்க் கமிட்டியிடம் நிலைமையைச் சொன்னேன். பொருளாளர் ஆயக்குடியில் பெரிய கொய்யாத் தோப்புக்காரர். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இதைச் சொல்ல நீ குடித்துவிட்டு வந்திருக்கிறாயா, சொல்லிவிட்டுக் குடிக்கப் போகிறாயா என்று கேட்டார். ஆனால் வார்டனம்மா எழுதிய விதியின் அடுத்த வரி, செயலாளர் இருக்கும் இடத்தில் கூட்டம் நடத்தலாம் என்றது. திட்டிக்கொண்டே கமிட்டி மூன்று பேரும் ஜீப்பில் ஏறினார்கள்.

எல்லைக்கல் வரை வந்தார்கள். அதற்கு மேல் ஒரு அடி வைக்க மாட்டேன் என்று பொருளாளர் நின்றுவிட்டார். அவரும் நம் பக்கத்து ஆள்தானே, காப்பின் அருமை தெரியும். உள்ளே போனால் அந்தப் பூசாரி தனக்கும் கட்டிவிடுவார் என்று கோட்டுப் பையில் விட்ட கையை அவர் வெளியே எடுக்கவே இல்லை. கடைசியில் பள்ளிக்கூட பெஞ்சுகளைத் தூக்கி வந்து போட்டோம். கல்லுக்கு இந்தப் பக்கம் வார்டனம்மா, அந்தப் பக்கம் மூன்று கமிட்டி உறுப்பினர்கள், சுற்றி ஊர். இப்படி ஒரு கமிட்டிக் கூட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை.

பொருளாளர் நேராக விஷயத்துக்கு வந்தார். இங்கே ஊற்றுக்கண் வைத்திருக்கிறவரே கையெழுத்துப் போடவில்லை, பிறகு இந்த ஊருக்கு ஜீப் எதற்கு என்றார். நியாயமான கேள்விதான். வார்டனம்மா எட்டாம் நாள் வரை டைம் கொடுங்கள், அதற்குள் அவர் போடாவிட்டால் கீழ்ப்பக்கத்து ஊருக்கே கொடுத்துவிடலாம் என்றார். சரி, அவர் போட்டால் நீங்கள் ஜீப்பை நிறுத்தாமல் விடுவீர்கள் என்பதற்கு இவர்களுக்கு என்ன உத்தரவாதம் என்று ஒரு உறுப்பினர் கேட்டார். ஊர் கேட்க நினைத்ததை எங்கள் ஆளே கேட்டது எனக்குப் பிடித்தது. வார்டனம்மா மஞ்சள் கயிறு கட்டிய கையைத் தூக்கிக் காட்டினார். ஆதரிப்பவர்கள் கை உயர்த்தலாம் என்றேன். இருவர் உயர்த்தினார்கள். பொருளாளர் கையை வெளியே எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். தீர்மானத்தில் 'தலையசைத்து ஆதரித்தார்' என்று எழுதினேன்.

கூட்டத்தில் பொன்னையா நின்றிருந்தார். அன்று சாயங்காலம் அவர் மனைவி வார்டனம்மாவுக்குச் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தார். பொன்னையா தன் வாசல் கட்டிலுக்கே போய்விட்டார்.

எட்டாம் நாள் காலை காப்பு அவிழ்ப்பு. மரக்காரரும் அன்றைக்குத்தான் வந்தார், அரிவாள் கோடாலியோடு ஐந்தாறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு. காப்பு இருக்கும் வரை வெட்டக்கூடாது என்று அவருக்கும் தெரியும். பொறுமையாகக் காத்திருந்த மனிதர். அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன், பேசிய பேச்சைத்தான் அவர் கேட்டார். பூசாரி ஒவ்வொருவராக அவிழ்த்துக்கொண்டு வந்தார். வார்டனம்மா கையை அவிழ்த்தார். ஊரே ஒரு பெருமூச்சு விட்டது, பூசாரியின் மூச்சு அதில் தனியாகக் கேட்டது. அடுத்து பொன்னையா. அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

எனக்கு இருக்கட்டும் என்றார்.

பூசாரிக்குப் புரியவில்லை. மரக்காரருக்குப் புரிந்துவிட்டது. வெற்றிலை மாற்றிப் பேசியது என்னாச்சு என்று முன்னால் வந்தார். பொன்னையா கோபப்படவில்லை. "பேசினேன், இல்லேங்கல. காப்பு அவுத்ததும் வெட்டிக்கிரலாம்னு சொன்னேன். அந்தச் சொல்லு அப்படியே இருக்கு. அவுத்த அன்னிக்கு வந்து வெட்டிக்கிருங்க."

"எப்ப அவுப்பீக?"

பொன்னையா வார்டனம்மாவைப் பார்த்தார். "ஜீப்பு நிக்கிற அன்னிக்கு" என்றார்.

அப்புறம்தான் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நான் போட்ட ஷரத்துகளையெல்லாம் விட அவர் போட்ட இந்த ஒரு ஷரத்துதான் அந்த ஒப்பந்தத்தை நடத்தியது. எங்கள் தாள் அவரைக் கட்டியதோ இல்லையோ, அவர் கைக்கயிறு எங்களைக் கட்டிவிட்டது. டயர் பஞ்சர் என்றாலும், டிரைவருக்குக் காய்ச்சல் என்றாலும், பொன்னையா கையைத் தூக்கிக் காட்டுவது கண்முன் வந்து நிற்கும். வண்டி எப்படியோ போய்விடும். உங்கள் ஒப்பந்தத்தில் விவசாயி தவறினால் என்ன செய்வது என்று பதினோரு பத்தி இருக்கிறது. நாம் தவறினால் என்ன என்பதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

அவர் பட்ட கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். காப்பு கையில் இருந்தால் எல்லை தாண்டக்கூடாது. கயிறு இற்றுப் போகுமுன் பூசாரியிடம் புதுசு கட்டிக்கொள்வார். தங்கை மகள் கல்யாணம் பழனியில் நடந்தது, போகவில்லை. தைப்பூசத்துக்கு ஊரே இறங்கிப் போகும், அவர் எல்லைக்கல் வரை வந்து வழியனுப்பிவிட்டுத் திரும்புவார். சந்தைக்கு அவர் மனைவிதான் ஜீப்பில் போய்வந்தார், அவரைவிட நல்ல விலைக்கும் விற்றார். ஆனால் தாளிதம் இல்லாமல் எத்தனை வருஷம் குழம்பு வைப்பது என்று பூசாரியிடம் போய் ஒரு சண்டை போட்டார். பூசாரி ஒரு ராத்திரி யோசித்து, கடுகுத் தடை சாட்டோடு முடிந்தது, மரத்தடையும் எல்லைத்தடையும் மட்டும் கயிறு உள்ளவரை என்று தீர்ப்புச் சொன்னார். எங்கள் சங்கத்துக்கு ஒரு வக்கீல் தேவைப்பட்டபோதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஐப்பசி. விடாத மழை. ஜீப்பின் ஆக்ஸில் முறிந்து பட்டறையில் கிடந்தது. பல இடங்களில் மண் சரிந்திருந்ததால் வேறு வண்டியும் அந்த ஏற்றத்துக்கு வர மறுத்துவிட்டது. அன்று அந்த ஊர் முறை. நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். வார்டனம்மா கேட்கவில்லை. வடகவுஞ்சி வரை பஸ், அங்கிருந்து நடை. வழி நெடுக அவர் என்னைத் திட்டினார், டிரைவரைத் திட்டினார், ஆக்ஸில் செய்த கம்பெனியைத் திட்டினார். மலையைப் படைத்தவரை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சில இடங்களில் நின்று மேலே பார்த்தார். எனக்கு மனசு தாளவில்லை. அந்த வயதில் அந்த உடம்போடு அவர் வழுக்கி வழுக்கி ஏறியதைப் பார்த்து அழுகை வந்தது. மழையில் தெரியவில்லை.

எல்லைக்கல் பக்கத்தில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குச் சாக்குப் போர்த்திவிட்டுப் பொன்னையா நனைந்துகொண்டே நின்றார். கூடப் பூசாரியும் நாலைந்து பேரும். மரக்காரருக்கு எப்படித்தான் செய்தி போனதோ, அவருடைய ஆள் ஒருவர் காலையிலிருந்தே குடை பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஜீப் நின்றுவிட்டது, கயிற்றை அவிழுங்கள் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நாங்கள் வளைவில் தெரிந்தோம்.

வார்டனம்மாவுக்குப் பேச மூச்சு இல்லை. கல்லுக்குக் கீழே சரிவில் நின்றுகொண்டு, இன்னிக்கு ஜீப் இல்லப்பா, அவிழ்க்கிறதா இருந்தா அவிழ்த்துக்கோ என்று சொல்லி முடித்தார்.

பொன்னையா அவரை மேலும் கீழும் பார்த்தார். சேலை முழங்கால் வரை சேறு. பிறகு குடைக்காரரிடம் திரும்பினார்.

"ஜீப்பு எங்கய்யா நின்னுச்சு? நடந்துல்ல வந்துருக்கு."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று சரிவில் இறங்கி வந்து, வார்டனம்மா கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார்.

கல்லைத் தாண்டித்தான் இறங்கினார். குடைக்காரர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். காப்புக்காரர் எல்லை தாண்டியாச்சு, காப்பு முறிந்தது, இனி மரம் எங்களுக்கு என்று சத்தம் போட்டார். பூசாரி விசாரித்துத்தான் சொல்ல முடியும் என்று முதலில் வார்டனம்மாவைக் கேட்டார். கண்ணாடி முழுக்க மழைத்தண்ணி, யார் எங்கே நின்றார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றார் அவர். அது உண்மை. அடுத்து என்னைக் கேட்டார். நான் உருளைக்கிழங்கு மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். கூட நின்ற நாலைந்து பேரும் அதே மூட்டையைத்தான் பார்த்தார்களாம். சாட்சி யாரும் இல்லை, காப்பு முறியவில்லை என்று பூசாரி தீர்ப்புச் சொன்னார். பொன்னையா இறங்கியபோது விழுந்துவிடாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தவர் பூசாரிதான்.